ஆல்ப்ஸில் பனிச்சறுக்கும் மதுவும்: சுவிஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலைக்கோ படிப்புக்கோ சுவிட்சர்லாந்து வந்தவர்களை முதல் குளிர்காலத்திலேயே யாராவது ஸ்கி போகலாம் என்று கூப்பிட்டுவிடுவார்கள். மலையில் மதியச் சாப்பாட்டோடு ஒயின் குடிப்பதும், சறுக்கி முடித்ததும் சூடாக ஒரு தம்ளர் மது வாங்குவதும் இங்கே சாதாரணம். அதை யாரும் தப்பாகப் பார்ப்பதில்லை. சட்டமும் சறுக்குப்பாதையில் இத்தனை அளவுதான் என்று கோடு கிழிக்கவில்லை. அதனால் "இங்கே எல்லாம் ஃப்ரீ" என்று நம்ம ஆட்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சறுக்குப்பாதையில் ஒரு மோதலில் முழங்கால் தசைநார் கிழிந்தது. அவருக்கு ஜெர்மன் வராது என்பதால் காப்பீட்டு நிறுவனத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்தையெல்லாம் நான்தான் உட்கார்ந்து எழுதினேன். போலீஸ் எதுவும் கேட்கவில்லை. காப்பீட்டுக்காரர்தான் கேட்டார்: என்ன குடித்தீர்கள், எவ்வளவு, எத்தனை மணிக்கு, யார் பார்த்தார்கள். அந்தக் கடிதங்களில் கற்றதும் பிறகு தேடித் தெரிந்துகொண்டதும் கீழே. நீங்கள் குடிக்காதவர் என்றாலும் 2, 7 ஆகிய இரண்டு பகுதிகளையும் படித்துவிடுங்கள். மேலே இருந்து வந்து உங்கள் மீது மோதுகிறவர் குடித்திருக்கலாம்.

1. எந்த நாட்டுப் பாதையில் சறுக்குகிறீர்கள் என்று பாருங்கள்

சுவிஸிலும் ஆஸ்திரியாவிலும் பனிச்சறுக்குக்காரருக்கென்று சட்டப்படியான ஆல்கஹால் வரம்பு இல்லை. ஆனால் எஃப்.ஐ.எஸ் என்ற சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனத்தின் 10 நடத்தை விதிகள் இருக்கின்றன. அடுத்தவருக்கு ஆபத்து விளைவிக்கக் கூடாது, கட்டுப்பாட்டோடு சறுக்க வேண்டும், மேலிருந்து வருகிறவர்தான் கீழே இருப்பவருக்கு வழிவிட வேண்டும் என்பதெல்லாம் அதில் வரும். ஒருவரை இடித்துக் காயப்படுத்திவிட்டால் சுவிஸ் நீதிமன்றங்கள் இந்த விதிகளை வைத்துத்தான் கவனக்குறைவை அளக்கின்றன. குடித்திருந்தது தெரிந்தால் உங்கள் பக்கம் இன்னும் பலவீனமாகும். கண்மண் தெரியாமல் சறுக்குகிறவரின் பாஸை லிஃப்ட் நிறுவனமே பறித்துக்கொள்ளலாம்.

இத்தாலியின் கதை வேறு. 2022 ஜனவரி 1 முதல் அங்கே போதையில் சறுக்குவது சட்டப்படி தடை. சறுக்குப்பாதையிலேயே போலீஸ் ஊதச் சொல்லும். இரத்தத்தில் ஆல்கஹால் லிட்டருக்கு 0.5 கிராமுக்கு மேல் 0.8 வரை இருந்தால் 250 முதல் 1,000 யூரோ வரை அபராதம், அதையும் தாண்டினால் குற்ற வழக்கு. பிறருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கான காப்பீடும் அங்கே கட்டாயம். இல்லையென்றால் 100 முதல் 150 யூரோ அபராதம், பாஸும் போய்விடும். 2025 நவம்பர் முதல் எல்லா வயதினருக்கும் தலைக்கவசம் கட்டாயமாகிவிட்டது.

இது நமக்கு எதற்கு என்றால், சுவிஸின் செர்மாட்டில் காலையில் லிஃப்ட் ஏறுகிறவர் மதியம் சாப்பிடுவது பல நேரம் இத்தாலியின் செர்வீனியாவில். 3,000 மீட்டருக்கு மேலே எல்லை கடந்தது தெரியவே தெரியாது. பாஸ்தா அங்கே மலிவு என்று எல்லோரும் அந்தப் பக்கம் இறங்குவார்கள். அங்கே இரண்டு தம்ளர் ஒயின் குடித்துவிட்டுத் திரும்பும்போது நீங்கள் இத்தாலியச் சட்டத்துக்குள் இருக்கிறீர்கள். அப்புறம் இன்னொன்று: காற்று அடித்தாலோ நேரம் தப்பினாலோ திரும்பிவரும் லிஃப்ட் கிடைக்காது. சாலை வழியாக மலையைச் சுற்றி செர்மாட் வர மணிக்கணக்கில் ஆகும், டாக்ஸிக்குக் கொடுக்கும் காசில் இன்னொரு ஸ்கி விடுமுறையே போய்வரலாம்.

எல்லை தாண்டும் நாளில் பையில் இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட், சுவிஸ் குடியிருப்பு அட்டை, காப்பீட்டுச் சான்று. சுவிஸில் எடுத்த தனிநபர் பொறுப்புக் காப்பீடு (ஜெர்மனில் பிரிவாட்ஹாஃப்ட்ப்ளிக்ட்) இருந்தால் பெரும்பாலும் அதுவே போதும். ஆனால் வெளிநாட்டிலும் செல்லும் என்று எழுதிய சான்றை முன்கூட்டியே கேட்டு வாங்கி போனில் வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாதவர்கள் பாஸ் வாங்கும்போதே நாள் கணக்கில் சில யூரோவுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

2. கிளம்பும் முன் காப்பீட்டுக் காகிதங்களை எடுத்துப் பாருங்கள்

இதுதான் எல்லோரும் தாண்டிப்போகும் படி. உங்கள் நிலைமை எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலையில் இருப்பவர்: ஒரே முதலாளியிடம் வாரத்துக்கு 8 மணி நேரமாவது வேலை செய்தால், வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் முதலாளி வழியாகக் காப்பீடு உண்டு. சிகிச்சை, மீட்பு எல்லாம் அதில் வரும். விபத்து நாளுக்குப் பிறகு வரும் மூன்றாம் நாளிலிருந்து சம்பளத்தில் 80 சதவீதம் தினப்படியாகவும் வரும். மது இடறுவது இந்தத் தினப்படியில்தான். பெரும் கவனக்குறைவால் விபத்து நேர்ந்தது என்று காப்பீட்டு நிறுவனம் முடிவு செய்தால், முதல் இரண்டு ஆண்டுகளுக்குத் தினப்படியைக் குறைக்கச் சட்டம் இடம் தருகிறது. மருத்துவச் செலவில் கைவைக்க முடியாது. தேவையில்லாத பெரும் துணிச்சல் என்று வகைப்படுத்தினால் பண உதவிகளைப் பாதியாக்கலாம், மோசமான நிலையில் முழுதாக மறுக்கவும் செய்யலாம். முழங்கால் அறுவைச் சிகிச்சை என்றால் மாதக்கணக்கில் வீட்டில் இருக்க நேரும். வாடகையும் கட்ட வேண்டும். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

வேலையில் இல்லாத கணவன், மனைவி, மாணவர்: இவர்களுக்கு விபத்துக் காப்பீடு மருத்துவக் காப்பீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். பாலிசி தாளில் "உன்ஃபால்டெக்குங்" (விபத்துக் காப்பு) என்ற வரிக்கு நேராக ஆம் என்று இருக்கிறதா பாருங்கள். வேலையில் இருப்பவர் பிரீமியம் குறையட்டும் என்று தன் பாலிசியில் அதை நீக்கிவிட்டு, அதே படிவத்தில் மனைவிக்கும் நீக்கிவிடுவது நம்மவர்களிடம் சகஜம். அந்த வரியில் ஆம் என்று இருந்தாலும், அடிப்படை மருத்துவக் காப்பீடு மீட்புச் செலவில் பாதியைத்தான் தரும், அதுவும் ஆண்டுக்கு 5,000 பிராங்க் வரை. ஹெலிகாப்டர் வந்தால் பில் சில ஆயிரம் பிராங்க் என்பதை மறக்க வேண்டாம்.

இதற்கு மலிவான வழி ரெகா என்ற வான்வழி மீட்பு அமைப்புக்கு ஆண்டுச் சந்தா கட்டுவது. தனிநபருக்கு 40 பிராங்க். இது காப்பீடு கிடையாது. வேறு காப்பீடு எதுவும் கொடுக்காதபோது அவர்கள் தங்கள் பில்லைத் தள்ளுபடி செய்யலாம் என்பதுதான் ஏற்பாடு. ஸ்கி போகாதவரும் மலையேறப் போவார், கட்டி வையுங்கள்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மா, தம்பி: ஷெங்கன் விசாவுக்காக எடுத்த 30,000 யூரோ பயணக் காப்பீட்டை நம்பி மலையில் ஏற்றாதீர்கள். அந்த பாலிசிகளில் குளிர்கால விளையாட்டையும் மது அருந்தியிருந்த நிலையில் நடந்ததையும் விலக்கி வைக்கும் வரிகள் பெரும்பாலும் இருக்கும். விலக்குகள் என்ற பக்கத்தைத் தேடிப் படியுங்கள், அரை மணி நேர வேலைதான். ஸ்கியை விட்டு ஸ்லெட்ஜில் உட்கார்ந்து போனாலும் அது குளிர்கால விளையாட்டுதான்.

3. முந்தைய இரவைக் கணக்கில் சேருங்கள்

உடம்பு ஆல்கஹாலை மணிக்குச் சுமார் 0.1 முதல் 0.15 புரோமில் (இரத்தத்தில் ஆயிரத்தில் இத்தனை பங்கு) என்ற வேகத்தில்தான் கழிக்கிறது. காபியோ குளிர்ந்த காற்றோ அதை விரட்டாது. இரவு 1 மணிக்கு 1.2 அளவில் படுத்தவருக்குக் காலை 9 மணிக்கு முதல் லிஃப்ட்டில் ஏறும்போது 0.4 வரை மிச்சம் இருக்கலாம். அதன்மேல் மதியம் ஒரு பீர் விழுந்தால் கதை மாறிவிடுகிறது. ஒரு நாள் பாஸுக்கு 70, 80 பிராங்குக்கு மேல் கொடுத்துவிட்டுத் தலைவலியோடு நிற்பது வீண் செலவும்கூட.

4. மதிய மெனுவில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

புதியவர்கள் ஏமாறுவது பீரில் இல்லை, அதன் அளவு தெரிந்ததுதான். ஏமாற்றுவது சூடான பானங்கள்.

மலையில் உங்கள் பக்கத்து மேசைக்கு வரும் காஃபி லுட்ஸைப் பாருங்கள். கைப்பிடி வைத்த கண்ணாடித் தம்ளரில், நம்ம ஊர் வரட்டீ போல வெளுத்து, ஆவி பறக்க நிற்கும். சர்க்கரை போட்டிருப்பதால் இனிக்கும். தம்ளரின் அடியில் ஐந்து பிராங்க் காசைப் போட்டு, அது மறையும்வரை காபி ஊற்று, மறுபடி தெரியும்வரை பழச் சாராயம் ஊற்று என்று லுட்சேர்ன் பக்கம் வேடிக்கையாகச் செய்முறை சொல்வார்கள். அதிலிருந்தே விகிதம் புரியும். ஷ்யூம்லி ப்ஃப்ளூம்லி என்றால் காபியில் பிளம் சாராயம், மேலே கிரீம். கிரீம் வாசனையை மூடிவிடும். ஆஸ்திரியாவில் ஜாகர்டீ என்று வருவது ரம் கலந்த கறுப்புத் தேநீர். லுமும்பா என்றால் ரம் கலந்த சூடான சாக்லேட், குழந்தைக்கு என்று வாங்கிவிடாதீர்கள். இத்தாலியப் பக்கம் பொம்பார்டினோ: முட்டை மதுவும் பிராந்தியும், சூடாக. க்ளூவைன், அதாவது மசாலா சேர்த்த சூடான ஒயின், இவற்றோடு ஒப்பிட்டால் சாது. ஆனால் 8 பிராங்க் வாக்கில் கிடைப்பதால் இரண்டாவது தம்ளர் சுலபமாக வந்துவிடும்.

இன்னொரு தகவல், மதுவையே தொடாதவர்களுக்கு: ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடும் சீஸ் ஃபோண்டூவை வெள்ளை ஒயின் ஊற்றித்தான் செய்வார்கள், கிர்ஷ் என்ற செர்ரி சாராயமும் சேரும். வேண்டாம் என்றால் ராக்லெட் (உருக்கிய சீஸ்) கேளுங்கள். மது இல்லாத சூடான பானம் வேண்டுமென்றால் "ஓனே ஆல்கஹோல்" என்று சொல்லி பஞ்ச் வாங்கலாம், ஓவோமால்டின் என்ற மால்ட் பானமும் எங்கும் கிடைக்கும். கோப்பையைக் கையில் பிடித்திருந்தால் உள்ளே என்ன என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. கூட்டத்தில் கட்டாயப்படுத்துகிறவர் பெரும்பாலும் நம்ம ஆள்தான், சுவிஸ்காரர் ஒருதடவை கேட்டுவிட்டு விட்டுவிடுவார்.

குளிருக்கு இதமாக இருக்கிறதே என்பது உடம்பு செய்யும் ஏமாற்று வேலை. தோலின் இரத்தக் குழாய்கள் விரிவதால் சூடு தெரிகிறது, உள்ளே இருக்கும் சூடு அதே வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கிறது. உயரத்தில் காற்று வறண்டது, கூடவே மது வேறு தண்ணீரை வெளியேற்றும்.

என் யோசனை கறாரானது: முதல் இரண்டு சீசனில் இருப்பவர் ஸ்கியைக் கழற்றும்வரை ஒரு சொட்டும் வேண்டாம். சறுக்கத் தெரிந்தவருக்குக் கால் தானாக வேலை செய்யும், நமக்கு ஒவ்வொரு திருப்பமும் யோசித்துச் செய்யும் காரியம். அனுபவம் உள்ளவர் சாப்பாட்டோடு ஒரு சிறிய பீரோ ஒரு தம்ளர் ஒயினோ குடித்தால் அது அவர் பாடு. பீரில் எலுமிச்சைச் சோடா கலந்த பனாஷே கேட்டால் ஆல்கஹால் பாதியாகும்.

வயது வரம்பும் சொல்லிவிடுகிறேன்: பீர், ஒயின் 16, சாராய வகைகள் 18. டிச்சினோ மாநிலத்தில் எல்லாவற்றுக்கும் 18. சின்ன முகமாக இருந்தால் அடையாள அட்டை கேட்பார்கள்.

5. கடைசி லிஃப்ட் நேரத்தைக் காலையிலேயே போனில் அலாரமாக வையுங்கள்

பெரும்பாலான இடங்களில் மாலை 4 முதல் 4.30க்குள் லிஃப்ட் நின்றுவிடும். கீழே இறங்கும் கேபிள் கார் கொஞ்ச நேரம் கூடுதலாக ஓடலாம், நுழைவாயில் பலகையில் எழுதியிருக்கும். அதன்பின் மீட்புப் படையினர் கடைசியாக ஒருமுறை பாதையைச் சுற்றிப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். மூடிய பாதையில் விழுந்தால் தேடி வர ஆள் இருக்காது.

அதைவிடப் பெரிய ஆபத்து, பனியைச் சமன்செய்யும் இயந்திரங்கள். செங்குத்தான சரிவுகளில் இவற்றை மேலே ஒரு இடத்தில் எஃகுக் கம்பியால் கட்டி இழுத்தபடி ஓட்டுவார்கள். கம்பி ஒரு கிலோமீட்டர் வரை நீளும். பனிக்கு அடியில் தளர்ந்து கிடந்தது திடீரென்று இடுப்பு உயரத்துக்கு விண்ணென்று எழும்பும். அந்தி வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது, இயந்திரம் மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தால் சத்தமும் கேட்காது. ஆட்கள் செத்திருக்கிறார்கள். மேலே குடித்துவிட்டு இருட்டும் நேரத்தில் இறங்குகிறவர்கள் மாட்டுவது இதில்தான். பனிச்சரிவைத் தவிர்க்க வெடி வைப்பதும் பாதை மூடியிருக்கும் நேரத்தில்தான்.

எனவே மேலே உள்ள குடிலில் குடிப்பதென்றால், இறங்குவது கேபிள் காரில். ஆஸ்திரியாவின் சாங்க்ட் அன்டோன் போன்ற ஊர்களில் பிரபலமான மதுக்கூடங்கள் ஊருக்கு மேலே சரிவின் ஓரத்திலேயே இருக்கின்றன. அங்கே ஆட்டம் முடிந்து கடைசித் துண்டைச் சறுக்கித்தான் வருவார்கள். கூட்டத்தோடு கூட்டமாகப் போக வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. பாதையின் ஓரமாக ஸ்கியைத் தோளில் வைத்து நடந்து வரலாம்.

6. கீழே வந்தபின்: ஸ்கி, பூட்ஸ், வண்டி

வாடகை ஸ்கி எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். மதுக்கூட வாசலில் குவிந்து கிடக்கும்போது மாறிப்போவதும் காணாமல் போவதும் அன்றாடம். இரண்டையும் பிரித்து, நண்பருடைய ஒன்றோடு ஜோடி சேர்த்து வேறு வேறு இடத்தில் சாத்தி வையுங்கள். அதைவிட நல்லது, முதலில் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, காலணி மாற்றிக்கொண்டு அப்புறம் உட்காருவது. வாடகையோடு திருட்டுக் காப்பீடு எடுத்திருந்தாலும் போலீஸ் புகார் நகல் கேட்பார்கள்.

வண்டி ஓட்டும் வரம்பு சுவிஸ், இத்தாலி, ஆஸ்திரியா எல்லாவற்றிலும் 0.5. சுவிஸில் புதிதாக உரிமம் எடுத்தவருக்கு முதல் மூன்றாண்டு சோதனைக்காலம், அப்போது வரம்பு 0.1, அதாவது நடைமுறையில் பூஜ்யம். ஓட்டக் கற்கிறவரின் பக்கத்தில் உட்காருகிறவருக்கும் அதே 0.1 என்பது பலருக்குத் தெரியாது. "நீ குடிக்கல இல்ல, நீ ஓட்டு, நான் பக்கத்துல உட்கார்றேன்" என்ற ஏற்பாடு அதனால் செல்லாது. 0.8 வந்துவிட்டால் உரிமம் குறைந்தது மூன்று மாதம் போய்விடும்.

ரயிலில் போய் ரயிலில் வருவதுதான் என் சிபாரிசு. கடைசி இணைப்பு ரயிலையும் அலாரத்தில் சேருங்கள். போதையில் இருக்கும் யாரையும் தனியாக விடுதிக்கு நடக்க விடாதீர்கள். பனியில் உட்கார்ந்து கண்ணயர்ந்தால் சாவு அருகில்தான். எழுப்பினால் எழாதவருக்கு 144 அழையுங்கள்.

7. மோதல் நடந்துவிட்டால்

விழுந்த இடத்துக்குச் சற்று மேலே இரண்டு ஸ்கியைக் குறுக்காக நட்டு வையுங்கள், மேலிருந்து வருகிறவர்களுக்கு அதுதான் அடையாளம். உதவுவதும் பெயர், முகவரி கொடுப்பதும் எஃப்.ஐ.எஸ் விதிகளில் 9ஆவதும் 10ஆவதும். சாட்சியாக நின்றவருக்கும் இது பொருந்தும். சறுக்குப்பாதை மீட்பு எண் பாதை வரைபடத்தில் இருக்கும். இல்லையென்றால் 144, ரெகாவுக்கு 1414. வாலைஸ் மாநிலத்தில், அதாவது செர்மாட் பக்கம், 144 தான் சரி. இத்தாலியில் 112.

அடிபட்டவருக்குத் தெம்புக்கு என்று யாராவது பாக்கெட் குப்பியிலிருந்து சாராயம் நீட்டுவார்கள். வாங்கிக் கொடுக்காதீர்கள். உடம்புச் சூடு இன்னும் இறங்கும், அறுவைச் சிகிச்சைக்கு இடைஞ்சல், பிறகு இரத்தப் பரிசோதனையில் விபத்துக்கு முன்பே குடித்ததாகக் காட்டும். கடுமையான காயம் என்றால் போலீஸ் வரும், அரசு வழக்குரைஞர் இரத்தப் பரிசோதனைக்கு உத்தரவிடலாம்.

அடுத்த வேலைநாளே அலுவலகத்தில் சொல்லி விபத்து அறிக்கை அனுப்பச் சொல்லுங்கள். நேரம், பாதையின் பெயர், எண், சாட்சிகளின் விவரம், மீட்புப் படையினர் எழுதிய குறிப்பின் நகல், மதியச் சாப்பாட்டு ரசீது எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். என் நண்பர் விஷயத்தில் கடைசியில் கை கொடுத்தது அந்த ரசீதுதான், என்ன வாங்கினோம் எத்தனை மணிக்கு என்று அதில் அச்சாகியிருந்தது.

குடித்ததை மறைக்கலாமா என்று நிச்சயம் யாராவது யோசனை சொல்வார்கள். கூடாது. மருத்துவமனைக் குறிப்பில் இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். சமூகக் காப்பீட்டில் பொய் சொல்லிப் பணம் பெறுவது இங்கே வெளிநாட்டவரை நாடுகடத்தும் அளவுக்குப் போகும் குற்றம். நினைவில்லாததை நினைவில்லை என்றே எழுதுங்கள், ஊகித்து எண்ணிக்கை எழுதாதீர்கள்.

தினப்படியைக் குறைக்கிறோம் என்று கடிதம் வந்தால் அது முறையான உத்தரவா, வெறும் தகவலா என்று பாருங்கள். உத்தரவு என்றால் தலைப்பில் "ஃபெர்ஃப்யூகுங்" என்று இருக்கும், அதற்கு 30 நாளுக்குள் ஆட்சேபம் எழுதலாம். கட்டணம் கிடையாது. வெறும் தகவல் கடிதமாக இருந்தால் உத்தரவு தரும்படி கேட்டு எழுதுங்கள். உத்தரவு பெரும்பாலும் பதிவுத் தபாலில் வரும். நீங்கள் வீட்டில் இல்லாமல் தபால்காரர் சீட்டு வைத்துவிட்டுப் போனால், போய் வாங்காவிட்டாலும் ஏழாம் நாளில் அது உங்கள் கையில் சேர்ந்ததாகவே கணக்கு. காலில் கட்டோடு ஊருக்குப் போய் அம்மா சமையலில் தேறி வரலாம் என்று நினைத்தால், அதற்குமுன் காப்பீட்டு நிறுவனத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள், தபால்பெட்டிச் சாவியையும் ஜெர்மன் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அவர் சார்பில் தபால் நிலையத்தில் வாங்க அதிகாரக் கடிதமும் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும்.